காளான் குடிலுக்கு ஐஓடி: எங்கே தொடங்குவது?

கேள்வி, 2024 பிப்ரவரி 11

அண்ணா, பால் காளான் போடுகிறேன். சில்பாலின் தார்ப்பாய் போட்ட குடில், 400 பெட் (வைக்கோல் படுக்கை). வெயில் ஏற ஏற உள்ளே ஈரம் நிற்கமாட்டேன் என்கிறது. ஒருவர் வந்து பார்த்துவிட்டு, ஐஓடி போட்டுத் தருகிறேன், 38,000 ரூபாய் ஆகும் என்றார். கிளவுட், ஆப், டேஷ்போர்டு என்று நிறையச் சொன்னார். நான் பி.காம். படித்தவள். ஐஓடி என்றால் உண்மையில் என்ன? நானே கற்றுக்கொண்டு செய்ய முடியுமா?

பிப்ரவரி 11, இரவு 10.20

முடியும். பணத்தைக் கொடுக்குமுன் இதைப் படித்துவிடுங்கள்.

ஐஓடி என்பதைத் தமிழில் பொருள்களின் இணையம் என்று எழுதுகிறார்கள். அளப்பது, முடிவெடுப்பது, செய்வது, சொல்வது, இந்த நான்கு வேலைதான் அதில் இருக்கிறது. உங்கள் குடிலில் இன்று இந்த நான்கையும் செய்கிறவர் நீங்கள். உள்ளே நுழைந்ததும் முகத்தில் படும் காற்றை வைத்தே ஈரம் குறைந்துவிட்டது என்று உங்களுக்குத் தெரிந்துவிடுகிறது. தெளிக்கலாம் என்று முடிவு செய்து, தண்ணீரைப் பனிபோலத் தெளிக்கும் ஃபாகரின் மோட்டாரைப் போடுகிறீர்கள். வீட்டிலிருந்து போன் வந்தால், இப்போதுதான் தண்ணீர் விட்டேன் என்கிறீர்கள். முகத்துக்குப் பதில் ஒரு சென்சார், மூளைக்குப் பதில் ஒரு சின்ன போர்டு, கைக்குப் பதில் ரிலே என்ற ஒரு மின் சுவிட்ச், போன் பேச்சுக்குப் பதில் வைஃபை. அவ்வளவுதான்.

எனக்கு யூபிஎஸ், இன்வெர்ட்டர் சர்வீஸ் தொழில். அக்கா வீட்டில் ஐந்து வருடமாகக் காளான் குடில் நடக்கிறது, அதற்கு இதையெல்லாம் செய்து கொடுத்தவன் நான்தான். அதனால் அங்கே பட்டதை வைத்தே சொல்கிறேன்.

பிப்ரவரி 12, காலை

சாமான்கள். ஈஎஸ்பி8266 என்ற சிப் பொருத்திய நோட்எம்சியூ போர்டு ஒன்று. சீனாவில் ஷாங்காயில் இருக்கும் எஸ்பிரெசிஃப் கம்பெனியின் சிப் இது. 2014-இல் சந்தைக்கு வந்தபோது வைஃபை வைத்த போர்டு இவ்வளவு மலிவாகக் கிடைக்கும் என்று யாரும் எதிர்பார்த்திருக்கவில்லை. நான் கடைசியாக வாங்கியது 300 ரூபாய்க்குள். 2016-இல் வந்த ஈஎஸ்பி32 அதன் தம்பி, வேகமும் வசதியும் கூடுதல். உங்கள் வேலைக்கு எதுவும் ஆகும்.

ஆர்டுயினோ ஊனோவும் வாங்கலாமா என்று கேட்பீர்கள். கற்றுக்கொள்ள அருமையான போர்டு, 2005-இல் இத்தாலியின் இவ்ரியா ஊரில் மாணவர்களுக்காகவே தொடங்கியது ஆர்டுயினோ. ஆனால் பழைய ஊனோவில் வைஃபை இல்லை, வேலை செய்யும் நினைவகமும் வெறும் 2 கிலோபைட். நேராக ஈஎஸ்பியில் தொடங்குங்கள், ஆர்டுயினோவின் மென்பொருளிலேயே இதற்கும் எழுதலாம்.

சென்சாருக்கு டிஎச்டி22 போதும். வெப்பம், ஈரம் இரண்டையும் அளக்கும். அப்புறம் ஒரு ரிலே போர்டு, நல்ல 5 வோல்ட் அடாப்டர். "நல்ல" என்பதை அழுத்திச் சொல்கிறேன். வைஃபையில் அனுப்பும் நொடியில் இந்த போர்டு சட்டென்று கூடுதல் கரண்ட் இழுக்கும். பெட்டிக்கடை சார்ஜர் அந்த நொடியில் தளர்ந்துவிடும், போர்டு தானாக ரீஸ்டார்ட் ஆகும், நீங்கள் புரோகிராமில் தப்பு தேடிக்கொண்டிருப்பீர்கள். நான் அப்படி இரண்டு ராத்திரி தேடியிருக்கிறேன்.

பிப்ரவரி 12, மாலை

ஐஓடி என்ற பேர் எப்படி வந்தது என்று கேட்டிருந்தீர்கள். கெவின் ஆஷ்டன் என்பவர் 1999-இல் பிராக்டர் அண்ட் கேம்பிள் கம்பெனியில் ஒரு விளக்கவுரைக்கு வைத்த தலைப்பு இது. அவர் கவலை உதட்டுச்சாயம். ஒரு குறிப்பிட்ட பழுப்பு நிறம் கடை அலமாரியில் எப்போது பார்த்தாலும் தீர்ந்திருந்தது, கிடங்கில் சரக்கு இருக்கிறது என்று கணக்கு சொன்னது. அலமாரியே தன் நிலையைச் சொன்னால் என்ன என்று யோசித்தார்.

ஆனால் செய்கை பேருக்கு முந்தியது. அமெரிக்காவில் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஒரு கோக் இயந்திரம் இருந்தது. மாடி இறங்கி வந்து பார்த்தால் பாட்டில் தீர்ந்திருக்கும், இல்லாவிட்டால் இப்போதுதான் அடுக்கி வெதுவெதுப்பாக இருக்கும். 1982 வாக்கில் அங்கிருந்தவர்கள் அதைக் கணினியோடு இணைத்துவிட்டார்கள். எந்த வரிசையில் பாட்டில் இருக்கிறது, அது உள்ளே போய் எவ்வளவு நேரம் ஆயிற்று என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்க்கலாம். மூன்று மணி நேரம் தாண்டினால் "குளிர்ந்தது" என்று காட்டும். பாட்டிலுக்குள் தெர்மாமீட்டர் இல்லை என்பதைக் கவனியுங்கள். நேரத்தை வைத்தே குளிர்ச்சியைச் சொல்லிவிட்டார்கள். எதை அளந்தால் போதும் என்று தெரிந்த ஆட்கள்.

நம் பக்கத்தில் இதே வேலையை எந்தப் பேரும் வைக்காமல் செய்தவர்கள் விவசாயிகள். அப்போதெல்லாம் மும்முனைக் கரண்ட் ராத்திரி முறையில் வரும். அப்பா 2 மணிக்கு டார்ச் எடுத்துக்கொண்டு வரப்பில் நடந்து கிணற்றுக்குப் போவார். விரியன் கிடக்கும் வரப்பு அது. அம்மா அவர் திரும்பும்வரை திண்ணையில் உட்கார்ந்திருப்பாள். ஸ்டார்ட்டர் பெட்டியில் சிம் போட்ட மொபைல் ஸ்டார்ட்டர் மாட்டிய பிறகு கட்டிலில் இருந்தபடியே போன் போட்டு மோட்டாரை ஓட்டினார். கரண்ட் வந்தால் அதுவே அழைத்துச் சொல்லும். அளந்து, செய்து, சொல்லும் ஒரு பொருள். ஐஓடி என்ற சொல்லை அப்பா கேட்டதே இல்லை. எனக்கு இந்தத் தொழில்நுட்பத்தின் மேல் மரியாதை வந்தது அன்றைக்குத்தான், அம்மா ராத்திரி முழுக்கத் தூங்கிய அன்றைக்கு.

பிப்ரவரி 15

வைஃபை எட்டவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். வீட்டுக்கும் குடிலுக்கும் 200 மீட்டர் என்றால் எட்டாதுதான். ஈஎஸ்பி8266-க்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான் தெரியும், அந்த அலையைத் தண்ணீர் நன்றாக விழுங்கும். உங்கள் குடில் முழுக்க நனைந்த வைக்கோல்.

இரண்டு வழி. குடிலிலேயே சிம் போட்ட சின்ன ரவுட்டர் வைக்கலாம். அல்லது லோரா என்ற நெடுந்தூர ரேடியோ முறை. லோராவுக்கு இந்தியாவில் 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரை உரிமம் இல்லாமல் பயன்படுத்தலாம். மாட்யூல் வாங்கும்போது அந்த அலைவரிசைக்கானதா என்று கேட்டு வாங்குங்கள், வெளிநாட்டுக்கானதும் சந்தையில் கலந்து கிடக்கிறது. திறந்த வெளியில் கிலோமீட்டர் கணக்கில் போகும். படமோ குரலோ போகாது, எண்கள் போகும். உங்களுக்கு வேண்டியதும் எண்கள்தான்.

முதல் முயற்சிக்கு ரவுட்டர் வழியே போதும். லோராவை அடுத்த வருடம் பார்க்கலாம்.

பிப்ரவரி 20

12-ஆம் தேதி டிஎச்டி22 போதும் என்று எழுதினேன். அதை வாபஸ் வாங்குகிறேன். வீட்டு ஹாலுக்குப் போதும், காளான் குடிலுக்குப் போதாது. அதை எழுதிய பிறகு அக்காவின் பழைய நோட்டை எடுத்துப் பார்த்தேன். முதல் வருடம் டிஎச்டி22 மாட்டிய பக்கத்தில் மூன்றாவது வாரத்திலிருந்து 99.9, 99.9, 99.9 என்று வரிசையாக எழுதியிருக்கிறாள். இரவு பகல் எப்போதும் 99.9. ஈரத்திலேயே ஊறிக்கிடந்ததில் சென்சார் அங்கேயே நின்றுபோயிருக்கிறது. போர்டு என்ன நினைக்கும்? ஈரம் தாராளமாக இருக்கிறது, தெளிக்க வேண்டாம். பெட் காய்ந்து மேல்மண் வெடித்த பிறகுதான் எங்களுக்கே தெரிந்தது.

அதற்குத் தம்பியான நீலப் பெட்டி டிஎச்டி11 இன்னும் ஆகாது. அதன் அளவு எல்லையே 20 முதல் 90 சதவீதம் வரை, அதிலும் 5 சதவீதம் முன்பின். உங்களுக்கு வேண்டிய 80, 90 வட்டாரம் அதன் விளிம்பில் இருக்கிறது.

எஸ்எச்டி31 வாங்குங்கள், மேலே வெள்ளை வடிகட்டி மூடி போட்டதாக. விலை கூடுதல்தான். ஈரத்தில் 2 சதவீதம் முன்பின் சொல்லும். பெட்டியைக் குடிலுக்கு வெளியே சுவரில் மாட்டி, சென்சாரை மட்டும் ஒரு மீட்டர் வயரில் உள்ளே விடுங்கள். வயரை ரொம்ப நீட்டாதீர்கள், இந்தவகைச் சென்சார் பேசும் ஐடுசி முறை நீள வயருக்குச் செய்யப்பட்டது இல்லை. ஃபாகர் துளி நேராகப் படாத இடமாகவும் பார்த்து மாட்டுங்கள்.

பிப்ரவரி 21

எந்தச் சென்சாராக இருந்தாலும் நம்புவதற்கு முன் உப்புச் சோதனை. சமையல் உப்பு கொஞ்சம் எடுத்து, ஈர மணல் பதத்துக்குச் சில சொட்டுத் தண்ணீர் விடுங்கள். கரைந்து தண்ணீராகிவிடக் கூடாது, கல் தெரிய வேண்டும். சின்ன மூடியில் அதை வைத்து, சென்சாரோடு காற்றுப் புகாத டப்பாவில் போட்டு மூடி, ராத்திரி முழுக்க விடுங்கள். உள்ளே ஈரம் 75 சதவீதத்தில் போய் நிற்கும். அது இயற்கையின் கணக்கு, எந்த ஊர் உப்பானாலும் மாறாது. சென்சார் 75-ஐ ஒட்டிக் காட்டினால் பாஸ்.

இன்னொரு சோதனை இரண்டு சாதா தெர்மாமீட்டர். ஒன்றின் குமிழில் நனைத்த மெல்லிய துணி சுற்றி, இரண்டுக்கும் நன்றாக விசிறிவிட்டுப் பாருங்கள். வறண்டது 30 டிகிரி, நனைந்தது 28 காட்டினால் ஈரம் 85 சதவீதத்தை ஒட்டி இருக்கிறது. கரண்டே வேண்டாம். அக்கா இன்றும் வாரம் ஒருமுறை இதை வைத்து எஸ்எச்டியைச் சரிபார்க்கிறாள்.

மார்ச் 2

ரிலேயைப் பற்றி இதுவரை ஒரு வரிதான் எழுதியிருந்தேன். இதற்குத்தான் அதிகம் எழுத வேண்டும், ஏனென்றால் இங்கே தப்பு நடந்தால் பெட்டுகள் போகும், ஆளுக்கும் ஆபத்து.

சின்ன நீல ரிலேயின் முதுகில் 10 ஆம்பியர், 250 வோல்ட் என்று போட்டிருக்கும். அரை எச்பி மோட்டார் ஓடும்போது 2, 3 ஆம்பியர்தான் இழுக்கிறது, அப்புறம் என்ன என்று நானும் நினைத்தேன். ஓடும்போதுதான் அந்தக் கணக்கு. புறப்படும் நொடியில் ஐந்தாறு மடங்கு இழுக்கும். ரிலேயின் இரண்டு முனையும் அந்த நொடியில் தீப்பொறி விட்டு விட்டு, ஒருநாள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டுவிட்டன. போர்டு "நிறுத்து" என்று சொன்னது, ரிலேயும் டக் என்று சத்தம் கொடுத்தது, மோட்டார் நிற்கவில்லை. ராத்திரி 11 முதல் காலை 5 வரை ஃபாகர் ஓடியது. காலையில் அக்கா கதவைத் திறந்தால் பெட்டில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருக்கிறது. அடுத்த மூன்று நாளில் மொட்டெல்லாம் மஞ்சளாகி அழுகிவிட்டது. அக்கா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அழுகியதைப் பொறுக்கிக் குழியில் போட்டபடி, "அடுத்த தடவை இது தானா நிக்கற மாதிரி செய்டா" என்றாள். அவள் சொன்ன அந்த வாக்கியம்தான் பிற்பாடு நான் செய்த எல்லாவற்றுக்கும் அளவுகோல்.

இப்போது செய்திருப்பது இது. சின்ன ரிலே மோட்டாரைத் தொடாது. அது ஒரு கான்டாக்டரின், அதாவது மோட்டாருக்கென்றே செய்த பெரிய சுவிட்சின், காயிலை மட்டும் இயக்கும், கான்டாக்டர்தான் மோட்டாரை இயக்கும். காயில் லைனில் தனியாக ஒரு டைமர் தொடராக இருக்கிறது. போர்டு என்ன சொன்னாலும், ரிலே ஒட்டிக்கொண்டாலும், 5 நிமிடம் தாண்டினால் டைமர் வெட்டிவிடும். டிரம்மில் ஒரு ஃப்ளோட் சுவிட்ச், தண்ணீர் இல்லாவிட்டால் மோட்டார் ஓடாது. இந்த இரண்டிலும் இணையமும் இல்லை, புரோகிராமும் இல்லை.

230 வோல்ட் வேலையை எலக்ட்ரீஷியனை வைத்துச் செய்யுங்கள் தங்கச்சி. ஈரத் தரையில் நின்று செய்கிற வேலை. கரண்ட் கசிந்தால் உடனே வெட்டிவிடும் ஆர்சிசிபி போடாமல் ஃபாகர் மோட்டாருக்குக் கரண்ட் கொடுக்கவே வேண்டாம். 5 வோல்ட் பக்கம் எவ்வளவு வேண்டுமானாலும் நீங்கள் விளையாடலாம்.

மார்ச் 3

நேற்று விட்டுப்போனது. ரிலேயை போர்டில் டி4 என்று எழுதிய பின்னில் கொடுக்காதீர்கள். போர்டு உயிர் பெறும்போது அந்தப் பின் தானாகத் துடிக்கும், ரிலே டகடகவென்று அடிக்கும். கரண்ட் போய் வரும் ஒவ்வொரு தடவையும் இது நடக்கும். டி3, டி8 இரண்டும் போர்டு எப்படித் தொடங்க வேண்டும் என்று தீர்மானிக்கிற பின்கள், அவற்றையும் விட்டுவிடுங்கள். சென்சாருக்கு டி1, டி2. ரிலேக்கு டி5.

மார்ச் 3, இரவு

எத்தனை சதவீதத்தில் போட வேண்டும் என்ற கேள்விக்கு: ஒரே எண் வைக்காதீர்கள். 85-க்குக் கீழே போனால் போடு, மேலே போனால் நிறுத்து என்று எழுதினால், 84.9, 85.1 என்று ஆடும்போதெல்லாம் மோட்டார் போட்டு நிறுத்திப் போட்டு நிறுத்தி ஒரே நாளில் காயில் புகைந்துவிடும். 80-இல் போடு, 88-இல் நிறுத்து. நடுவில் இருக்கும் இடைவெளிதான் மோட்டாரின் ஆயுள். பழைய ஃபிரிட்ஜின் தெர்மோஸ்டாட்டும் இப்படித்தான் வேலை செய்கிறது.

அதோடு இன்னொன்றும் எழுதுங்கள். மோட்டார் 3 நிமிடம் ஓடியும் ஈரம் ஏறவே இல்லை என்றால் நிறுத்திவிட்டுக் கத்த வேண்டும். நாசில் அடைத்திருக்கும், குழாய் கழன்றிருக்கும், இல்லையேல் சென்சார் செத்திருக்கும். எண் மாறாமலே நிற்பதும் ஒரு செய்திதான். அந்த 99.9 கற்றுக்கொடுத்த பாடம் இது.

மார்ச் 10

உங்களிடம் 38,000 கேட்டவரின் திட்டத்தைப் படம் எடுத்து அனுப்பியிருந்தீர்கள், நன்றி. ஆளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, சாமானெல்லாம் நல்ல சாமான். ஒரே ஒரு அம்புக்குறியில்தான் எனக்குச் சம்மதமில்லை. சென்சார் அளந்ததைக் கிளவுடுக்கு அனுப்புகிறது, கிளவுட் முடிவு செய்து ரிலேக்குச் சொல்கிறது. குடிலுக்குள் இரண்டடி தூரத்தில் இருக்கும் சென்சாரும் மோட்டாரும் பேசிக்கொள்ள, சேதி எங்கோ ஒரு சர்வர் வரைக்கும் போய் வருகிறது. நடுவில் சிம் ரீசார்ஜ் தீர்ந்தால்? டவரில் கரண்ட் இல்லாவிட்டால்? மதியம் 2 மணி வெயிலில் ஒரு மணி நேரம் தொடர்பு போனால் மொட்டு கருகிவிடும்.

சர்வரையே மூடிவிடவும் செய்வார்கள். ரிவால்வ் என்று ஒரு கருவி அமெரிக்காவில் விற்றது, வீட்டு விளக்கு, பூட்டு எல்லாவற்றையும் ஒன்றாக இயக்க. அந்தக் கம்பெனியை 2014-இல் கூகுளின் நெஸ்ட் கம்பெனி வாங்கியது, 2016 மே மாதம் சேவையை நிறுத்தியது. காசு கொடுத்து வாங்கிய பெட்டி கெடவில்லை, ஆனால் அன்றோடு எதற்கும் உதவாமல் போனது.

அதனால் நான் சொல்வது இதுதான், வேறு எதை மறந்தாலும் பரவாயில்லை. அளப்பது, முடிவெடுப்பது, செய்வது மூன்றும் குடிலுக்குள்ளேயே முடிய வேண்டும். சொல்வதற்கு மட்டும்தான் இணையம். ரவுட்டர் வயரைப் பிடுங்கிவிட்டு ஒருநாள் முழுக்க விடுங்கள். குடில் நன்றாக இருந்தால் உங்கள் ஐஓடி நல்ல ஐஓடி. அந்த ஆளிடமும் இதைக் கேளுங்கள்: "நெட் இல்லாவிட்டால் ஃபாகர் ஓடுமா?" ஓடும்படி செய்து தருகிறேன் என்றால், வேலை தெரிந்த ஆள், தாராளமாகக் கொடுக்கலாம்.

மார்ச் 11

நேற்று எழுதியதை நானே செய்து பார்த்தேன், அக்கா குடிலில் ரவுட்டரை அணைத்து வைத்து. தோற்றது!

போர்டில் ஈஎஸ்பிஹோம் என்ற மென்பொருள் போட்டிருக்கிறேன், புரோகிராமை வரிவரியாக எழுதாமல் இந்தச் சென்சார், இந்த ரிலே, இந்த விதி என்று பட்டியல் போல எழுதினால் போதும் என்பதால். விதி போர்டுக்குள்ளேயே இருக்கிறது, அதுவரை சரி. ஆனால் 15 நிமிடத்துக்கு ஒருமுறை போர்டு ரீஸ்டார்ட் ஆனது. தேடிப் பார்த்தால் அது பிழையே இல்லை, அப்படித்தான் வைத்திருக்கிறார்கள். 15 நிமிடம் வைஃபை கிடைக்காவிட்டாலோ, அதோடு பேச யாரும் இணையாவிட்டாலோ, ஏதோ சிக்கிக்கொண்டது என்று எண்ணித் தானே புதிதாகத் தொடங்கும். வீட்டு விளக்குக்கு நல்ல யோசனைதான். தெளிப்பின் நடுவில் மோட்டாரை நிறுத்திவிட்டுத் தொடங்கினால் குடிலுக்கு ஆகாது. வைஃபை, ஏபிஐ (மற்ற கருவிகள் இதோடு பேசும் வழி) இரண்டு பகுதியிலும் ரீபூட் டைம்அவுட்டை 0 என்று வைத்தால் சரியாகிவிடும். வைத்தேன். மறுபடி ரவுட்டரை அணைத்தேன். 7 மணி நேரம், ஒரு ரீஸ்டார்ட்கூட இல்லை.

ரவுட்டர் இருந்தவரை இரண்டு வருடமாக இது வெளியே தெரியவே இல்லை. பிடுங்கிப் பார்த்தால்தான் தெரிகிறது.

மார்ச் 24

சொல்வதைப் பற்றி. முதலில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை டெலிகிராமில் வெப்பமும் ஈரமும் வரும்படி வைத்தேன். இரண்டாம் நாளே அக்கா அதை மியூட் செய்துவிட்டாள். ஒருநாளைக்கு 288 செய்தி வந்தால் யார்தான் பார்ப்பார்கள்? நிஜமாகவே தண்ணீர் தீர்ந்த அன்று வந்த செய்தியும் அந்தக் குவியலில் புதைந்தது. இப்போது காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. நடுவில் வந்தால் ஏதோ கெட்டுவிட்டது என்று அர்த்தம், அதுவும் கோளாறு 10 நிமிடம் நீடித்தால் மட்டும். குடில் வாசலில் ஒரு பஸ்ஸர். பக்கத்துக் காட்டில் களை எடுக்கிறவர்கள்கூட அந்தச் சத்தம் கேட்டு அக்காவைக் கூப்பிடுகிறார்கள்.

சாதனமே செத்துப்போனால் யார் சொல்வது என்று கேட்டீர்களே, அருமையான கேள்வி. அதற்கு எம்க்யூடிடி என்ற சேதி அனுப்பும் முறை. 1999-இல் ஐபிஎம்மின் ஆண்டி ஸ்டான்ஃபோர்ட்-கிளார்க்கும் ஆர்லன் நிப்பரும் உருவாக்கியது. பாலைவனத்தில் போகும் எண்ணெய்க் குழாயைச் செயற்கைக்கோள் வழியாகக் கண்காணிக்க வேண்டும், அனுப்பும் ஒவ்வொரு பைட்டுக்கும் காசு. அதனால் சேதியின் தலைப்பகுதியை 2 பைட் வரைக்கும் சுருக்கினார்கள். நடுவில் புரோக்கர் என்று ஒருவர். சென்சார் அவரிடம் "குடில்/ஈரம்" என்ற தலைப்பில் எண்ணைக் கொடுக்கும், அந்தத் தலைப்பைக் கேட்டிருக்கிறவர்களுக்கு அவர் சேர்ப்பார்.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது உயில். சாதனம் இணையும்போதே புரோக்கரிடம் எழுதிக் கொடுத்துவிடும்: நான் சொல்லாமல் போய்விட்டால் இந்தச் சேதியை எல்லோருக்கும் சொல்லிவிடு. குறித்த நேரத்துக்குள் மூச்சு வராவிட்டால் புரோக்கர் உயிலைப் படித்துவிடுவார். ஆங்கிலத்திலும் அதன் பேர் உயில்தான். அக்காவுக்கு இதை விளக்கியபோது, "பரவால்ல, மனுசங்களை விட வெவரமா இருக்குது" என்றாள்.

ஏப்ரல் 7

பாஸ்வேர்டு பற்றிச் சுருக்கமாக. 2016 அக்டோபர் 21 அன்று இணைய முகவரிகளைக் கண்டுபிடித்துத் தரும் டைன் என்ற கம்பெனியின் சர்வர்கள் முடங்கியதால் அமெரிக்காவில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் எல்லாம் பலருக்குக் கிடைக்கவில்லை. தாக்கியவை வீட்டுக் கேமராக்கள், ரவுட்டர்கள், வீடியோ பதிவுக் கருவிகள். மிராய் என்ற நிரல் அவற்றுக்குள் புகுந்தது எப்படி? கம்பெனியிலிருந்து வரும்போது இருக்கும் அட்மின், 12345 போன்ற அறுபது சொச்சம் பாஸ்வேர்டை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து. வேறு எந்த மந்திரமும் இல்லை. அந்தக் கேமராவின் சொந்தக்காரர்களுக்குத் தங்கள் வீட்டுப் பொருள் சண்டைக்குப் போயிருப்பதே தெரியாது.

எனவே ரவுட்டர், கேமரா, புரோக்கர் எல்லாவற்றுக்கும் வந்த பாஸ்வேர்டை முதல் நாளே மாற்றுங்கள். வெளியிலிருந்து பார்க்க வேண்டும் என்பதற்காக ரவுட்டரில் போர்ட்டை (வெளியிலிருந்து உள்ளே வரும் வழியை) திறந்து விடாதீர்கள். குடிலின் ஈரம் யாருக்குத் தெரிந்தால் என்ன என்று சிலர் எழுதுகிறார்கள். ஈரம் தெரிந்தால் பரவாயில்லை. அதே வைஃபையில்தான் உங்கள் வங்கி ஆப்பும் இருக்கிறது.

ஏப்ரல் 28

கார்பன் டை ஆக்சைடு சென்சாரும் வாங்கலாமா? இப்போது வேண்டாம். காளானே சொல்லிவிடும். காற்றோட்டம் பற்றாவிட்டால் தண்டு நீண்டு, குடை சிறுத்து வரும். காலையில் உள்ளே போகும்போது அதைப் பாருங்கள். எந்தச் சென்சாரும் பார்க்காத பல விஷயம் அங்கே இருக்கும். பச்சைப் பூஞ்சணம் எந்தப் பெட்டில் தொடங்கியிருக்கிறது, ஈ வந்திருக்கிறதா, வைக்கோல் நாற்றம் மாறியிருக்கிறதா. எண் போனில் வருகிறது என்று அக்கா ஒரு மாதம் உள்ளே போவதைக் குறைத்தாள், அந்த மாதம்தான் பூஞ்சணம் பரவியது. ஐஓடி உங்களுக்கு ராத்திரித் தூக்கத்தைத் தரட்டும். காலை நடையை அதனிடம் கொடுத்துவிடாதீர்கள்.

மே 6

அக்னி நட்சத்திரம் தொடங்கிய வாரத்தில் உங்கள் படங்கள் வந்திருக்கின்றன. ரொம்பச் சந்தோஷம். எலக்ட்ரீஷியன் கான்டாக்டர் வேலையைச் சுத்தமாகச் செய்திருக்கிறார், வயர் முனைகளில் அடையாளத்துக்கு ஃபெரூல் எண்கூடப் போட்டிருக்கிறார். பெட்டியின் மேல் பக்கத்தில் வயருக்கு ஓட்டை போட்டிருக்கிறீர்கள், அதைக் கீழ்ப்பக்கம் மாற்றுங்கள். வயர் வழியாக வழிகிற தண்ணீர் நேரே போர்டில் இறங்கும்.

செலவுக் கணக்கும் பார்த்தேன். மோட்டார், ஃபாகர் ஏற்கெனவே இருந்ததால் கான்டாக்டர், டைமர், ஆர்சிசிபி, கூலி எல்லாம் சேர்த்து 9,400. பாதிக்கு மேல் பாதுகாப்புச் சாமானுக்குப் போயிருக்கிறது. அப்படித்தான் போக வேண்டும்.

உப்பு டப்பாவில் 71.6 காட்டுகிறது என்கிறீர்கள். உடனே புரோகிராமில் 3.4 கூட்டிவிடாதீர்கள். நான்கு மணி நேரம்தான் வைத்திருக்கிறீர்கள், டப்பாவும் பெரிது, இன்னும் ஏறிக்கொண்டிருக்கும். படத்தில் சென்சார் வயர் போகும் இடத்தில் மூடி சரியாக அமரவில்லை, அங்கே எம்சீல் வைத்து அடையுங்கள். சின்ன டப்பாவாக மாற்றி, ஃபேன் காற்று படாத அலமாரியில் ராத்திரி முழுக்க விடுங்கள். காலை 6 மணிக்கு டப்பாவைத் திறக்காமல் எண்ணைப் பார்த்து இங்கே போடுங்கள். நானும் ஒரு டப்பா இப்போது மூடி வைத்திருக்கிறேன், ஒப்பிட்டுப் பார்க்கலாம்.